பொழுது யாருடையது?

கணவனும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து படம் பார்க்கப் புறப்படுகிறார்கள். கணவன் சிறுவயது முதல் விரும்பி ஆடிய வீடியோ விளையாட்டு ஒன்று திரைப்படமாக வந்திருக்கிறது. அதைத் தன் மனைவிக்குக் காட்ட வேண்டுமென்று அவனுக்கு ஆசை. இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். கொழும்பிலோ கண்டியிலோ மாதச் சம்பளம் பெறும் ஒரு குடும்பத்தைப் பற்றியதாயின் அந்தக் கேள்வி நியாயமே. அங்கே அது ஒரு மாலைப்பொழுதின் சங்கதி, மறுநாள் மறந்துபோகும். ஆனால் அந்தத் தம்பதி வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து புறப்படுகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே அந்தப் பயணத்தைச் சுற்றி எத்தனை விசாரணைகள் எழுகின்றன! காசு ஏது? பிள்ளையை யார் பார்ப்பது? கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு இது என்ன புதுக் கூத்து? இந்த விசாரணைகளுக்கெல்லாம் அடியில் ஓர் அறநெறிக் கேள்வி கிடக்கிறது. உழைக்கிறவனின் பொழுது யாருடையது? அதை எவ்விதப் பயனுமில்லாத ஒன்றில் அவன் செலவிடலாமா? அவள் செலவிடலாமா?

இந்தத் தம்பதியை ஏற்காதவர்கள் இரு திறத்தார். ஒருவர் லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து வெற்றிலை போடும் பெரியவர். "நாங்கெல்லாம் படம் பாத்தா வளந்தோம்?" என்பார் அவர். அவர் சொல்வது உண்மையன்று. எம்.ஜி.ஆர். படம் பார்க்க மழையில் எத்தனை மைல் நடந்தார் என்பதை வேறொரு நாள், வேறொரு மனநிலையில், அவரே கதையாகச் சொல்வார். மற்றவர் நம்மவர். முற்போக்கு எண்ணங் கொண்ட ஆசிரியர். அல்லது அண்மையில் பல்கலைக்கழகத்துள் நுழைந்த மாணவர். அந்நிய முதலாளி விற்கும் பொம்மைக்கா தொழிலாளி தன் கூலியைக் கொட்டுவது என்று அவர் வருந்துகிறார். இவ்விருவரும் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்பதில்லை. ஆயினும் ஒன்றில் மட்டும் உடன்படுகிறார்கள்: தொழிலாளியின் ஓய்வுப் பொழுதுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பதில்.

இந்த உரிமையை முதன்முதலில் எடுத்துக்கொண்டவன் தோட்டத்துரை. மலைநாட்டின் வரலாற்றை எழுதுவோர் நிலம், கூலி, வாக்குரிமை ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனர், எழுத வேண்டியதுதான். ஆனால் இங்கே மனிதரிடமிருந்து பறிக்கப்பட்டவற்றுள் நேரமும் ஒன்று. விடியுமுன் தப்பு ஒலிக்கும். அது பொழுது புலர்ந்ததை அறிவிக்கும் ஒலியன்று. பொழுது இனி உன்னுடையதன்று என்று அறிவிக்கும் ஒலி. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அன்றைய உழைப்புக்கு அம்மக்கள் வைத்த பெயரே "பேர்" என்பதுதான். கொழுந்தின் நிறை குறைந்தால் "அரைப்பேர்". ஒருவன் நாள் முழுதும் மலையில் நின்றாலும், மாலையில் தராசு சொல்வதைப் பொறுத்து அவன் முழுப் பெயருடையவனாகவோ பாதிப் பெயருடையவனாகவோ ஆகிறான். சொல்லிலேயே இத்தனை தத்துவத்தை வைத்த வேறொரு தொழில் உண்டா என்பது ஐயமே.

வேலை முடிந்த பின்னரும் அவன் பொழுது அவனிடம் வந்து சேரவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் அதன் வாசலும் தோட்டத்துக்குச் சொந்தம். உறவினன் வந்து தங்குவதும், வெளியார் வந்து பேசுவதும் துரையின் சம்மதத்துக்கு உட்பட்டவை. அத்துமீறி நுழைந்ததாகக் குற்றஞ்சாட்டும் சட்டம், தொழிற்சங்கம் கட்ட வந்தவர்களுக்கு எதிராகப் பல்லாண்டுகள் பயன்பட்டது. 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யர், அதற்கு முன்னர் தோட்டங்களின் நிலையை அறியப் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே போனார் என்று வழிவழியாகச் சொல்வர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார், பாடல்களும் எழுதினார். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வந்து, சனங்களைக் கூட்டிவைத்துப் பாடிய அந்த மாலைகளை நாம் அரசியல் வரலாறு என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறோம். கேட்டவர்களுக்கு அது ஒரு பாட்டுக் கச்சேரியாகவும் இருந்திருக்கும் அல்லவா? நாள் முழுதும் கொழுந்து பறித்து வந்தவள், ஒரு பெண் நின்று பாடுவதைக் கண்டு மகிழ்ந்திருக்க மாட்டாளா? மகிழ்ச்சி வேறு, விழிப்பு வேறு என்று பிரித்து வைத்தது நாம்தான்.

வட்டகொடை சிறிய ஊர். தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே, மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் அதன் நிலையம் இருக்கிறது. அந்தப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. அது போடப்பட்டது தோட்டத்தின் விளைச்சல் துறைமுகத்துக்குப் போவதற்காக. மனிதர்கள் பொழுதுபோக்கப் போவதற்காக அன்று. இதே வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில்தான் 1914இல் சி. வி. வேலுப்பிள்ளை பிறந்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர் அவர், கவிஞர், நாவலாசிரியர். இவற்றைவிட நமது பேச்சுக்கு வேண்டியது அவர் செய்த மற்றொரு காரியம். தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களை அவர் தேடித் தொகுத்தார். அந்தப் பாடல்களில் அழுகை மட்டுமா இருக்கிறது? கேலி இருக்கிறது, மாமன் மகனைச் சீண்டும் குறும்பு இருக்கிறது, கங்காணியைப் பார்த்து முதுகுக்குப் பின்னால் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறது. கட்டாய உழைப்பின் நடுவே மனிதர்கள் களவாக விளையாடிய விளையாட்டு அது. துயரத்தை மட்டும் சேகரிக்க வந்தவராயிருந்தால் வேலுப்பிள்ளை அவற்றில் பாதியை விட்டுவிட்டிருப்பார்.

இனி நம் தம்பதிக்கு வருவோம். 2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஏப்பிரலில் "சூப்பர் மாரியோ பிரதர்ஸ்" என்னும் சித்திரப் படம் உலகெங்கும் திரைக்கு வந்தது. அதற்கு மூலமான விளையாட்டை ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1985இல் வெளியிட்டது. அதன் கர்த்தா ஷிகெரு மியாமோட்டோ. மூலப் பெட்டி நம் ஊருக்கு வந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை; ஆனால் தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் மலிவான போலிப் பெட்டிகள் தெற்காசியா முழுவதும் கடைகளுக்கு வந்தன. நம் கணவன் அதைத் தலவாக்கலையிலோ அட்டனிலோ ஓர் உறவினர் வீட்டில் கண்டிருப்பான். தோட்டத்திலிருந்து போன சிறுவனுக்கு, பெட்டிக்குள் ஓடும் மனிதனைத் தன் விரலால் ஓட்டுவது எத்தகைய அதிசயம்! பின்னர் அவன் கொழும்பில் ஒரு கடையில் சில வருஷம் வேலை பார்த்துத் திரும்பியிருப்பான். கைபேசியில் அதே விளையாட்டை மீண்டும் கண்டிருப்பான். முப்பது வயது கடந்த பின்பும் அந்த இசை காதில் விழுந்தால் அவன் முகம் மாறும்.

மாரியோ யார்? குழாய் திருத்தும் தொழிலாளி. 1981இல் வந்த முந்தைய விளையாட்டில் அவன் தச்சன். உலகப் புகழ்பெற்ற இந்தக் கற்பனை மனிதன் உடல் உழைப்பாளி என்பதை நம் முற்போக்கு நண்பர் கவனிக்க வேண்டும். ஆனால் அவன் தன் விளையாட்டில் ஒரு குழாயையேனும் திருத்துவதில்லை. அதற்குள் புகுந்து போகிறான். வழியெல்லாம் பொற்காசு பொறுக்குகிறான். நூறு காசு சேர்ந்தால் அவனுக்கு மேலும் ஓர் உயிர் கிடைக்கும். காசு கொடுத்து உயிர் வாங்கும் இந்தப் பொருளாதாரம் நம் தோட்டத்து மக்களுக்கு விளங்காத ஒன்றன்று.

மனைவிக்கு இந்த விளையாட்டு தெரியாது. ஏன் தெரியாது? அவளுக்கு மூளை போதாது என்று கணவன்கூடச் சொல்ல மாட்டான். அவளும் அதே தோட்டத்தில் பிறந்தவள். அவள் அண்ணனோ தம்பியோ எங்கோ ஆடியிருப்பான். அவள் பின்னால் நின்று பார்த்திருப்பாள். பத்து வயது வரையில் பல்லாங்குழியும் அஞ்சாங்கல்லும் அவளுக்கு உண்டு. வயதுக்கு வந்ததும் அவை போய்விடும். இது தோட்டத்து வழக்கம் மட்டுமன்று. பழந்தமிழ் இலக்கியத்திலேயே இதன் தடம் இருக்கிறது. சங்கப் பாடல்களில் மகளிர் ஓரை ஆடுகின்றனர், கழங்கு ஆடுகின்றனர், மணலில் வண்டற்பாவை செய்து மகிழ்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் மணமாகாத பெண்கள். மணமான பின் தலைவி காத்திருக்கிறாள், ஊடுகிறாள், விருந்து ஓம்புகிறாள். இல்லறத்துக்கும் விளையாட்டுக்கும் நடுவே நம் மரபு பெண்ணுக்கு மட்டும் ஒரு வேலி போட்டிருக்கிறது. ஆணுக்கு அந்த வேலி இல்லை. நாற்பது வயதிலும் அவன் தோட்டத்து மைதானத்தில் கிரிக்கெட் ஆடலாம், ஊர் கைதட்டும்.

விளையாட்டு என்றால் என்ன என்பதை இங்கே சற்று ஆழ்ந்து பார்ப்பது பயனுடையது. ஜெர்மன் கவிஞர் ஷில்லர் 1795இல் எழுதிய அழகியற் கல்வி பற்றிய கடிதங்களில், விளையாடும் வேளையிலேயே மனிதன் முழு மனிதனாகிறான் என்ற கருத்தை முன்வைத்தார். டச்சு வரலாற்றாசிரியர் ஹொய்சிங்கா 1938இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆட்டம் விரும்பி மேற்கொள்ளப்படுவது, கட்டளையால் நிகழும் ஆட்டம் ஆட்டமே அன்று என்பது அவர் வாதம். இவற்றோடு நாம் மற்றொன்றைச் சேர்க்க விரும்புகிறோம். ஆட்டத்தில் தோற்கலாம். தோற்றால் தண்டனை இல்லை. மாரியோ பள்ளத்தில் விழுந்தால் மறுபடி தொடங்குவான். தொடக்கத்திலேயே அவனுக்கு மூன்று உயிர் கொடுத்திருக்கிறார்கள். நம் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ தவறுவதற்கு இடமே இல்லை. பதினெட்டு கிலோவோ இருபது கிலோவோ தோட்டம் விதித்த நிறை இருக்கிறது. அது குறைந்தால் குறைந்ததுதான். மழை பெய்தது, அட்டை கடித்தது, இரவெல்லாம் பிள்ளை காய்ச்சலில் கிடந்தது என்று தராசிடம் சொல்ல முடியாது. வீட்டிலும் அப்படியே, சோறு குழைந்தால் மறுபடி தொடங்க அவளுக்கு இன்னோர் உயிர் இல்லை. தவறு செய்யச் சுதந்திரமில்லாதவளுக்கு விளையாட்டு என்பது விளங்காத பொருளாகிவிடுவதில் வியப்பென்ன? கணவன் கைபேசியில் விரலோட்டுகிறான்; அவளும் நாள் முழுதும் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும்தான் ஓட்டுகிறாள். விரல் ஒன்றே, அதன் கதி இரண்டு.

2020, 2021ஆம் ஆண்டுகளில் நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் பாடத்துக்கென்று பல லயங்களுக்குள் கைபேசி வந்தது. கடனுக்கு வாங்கியவர்களும் உண்டு. பாடம் முடிந்தபின் அது விளையாட்டுக் கருவியாயிற்று. பையன்கள் மதகுச் சுவரில் வரிசையாக அமர்ந்து கூட்டாகச் சுட்டு விளையாடும் காட்சி இன்று எந்தத் தோட்டத்திலும் காணக்கூடியது. அதே சுவரில் பெண்பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து ஆடுவதை நாம் கண்டதில்லை. அவர்கள் கையிலிருக்கும் கைபேசியை அண்ணன் வாங்கிப் பார்ப்பான், யாரோடு பேசினாள் என்று.

இப்போது விளையாட்டு படமாகிறது. ஆடுபவன் பார்ப்பவனாகிறான். இது ஒரு வீழ்ச்சி என்று சொல்பவர் உண்டு; செயலாற்றிய கை சும்மா கிடக்கிறது, கண் மட்டும் விழித்திருக்கிறது என்பர். இதே குறையைத்தான் நாம் சினிமா மீது நீண்ட காலமாகச் சொல்லி வருகிறோம். நம் மலைநாட்டுக் காமன் கூத்தை அதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டுவதும் வழக்கம். மாசி மாதத்தில் காமன் ஊன்றி, நோன்பிருந்து, இரவிரவாக ஆடி, மன்மதன் எரிந்து ரதி புலம்பி மீண்டும் அவன் எழும் வரையில் தோட்டமே மேடையாகிறது. ஆடுவோரும் பார்ப்போரும் ஒரே சனம். அதன் சிறப்பை நாம் மறுக்கவில்லை. அதைப் போன்ற மக்கட்கலை வேறு நாட்டில் இருந்தால் அதற்கென்று நூலகமே கட்டியிருப்பார்கள். ஆனால் மரபில் ரதியாக வேடங் கட்டியவன் யார்? ஆண். பெண் அங்கும் பார்வையாளர். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்வந்து, தன் துயரத்தை ஓர் ஆண் நடித்துக் காட்டுவதைக் கண்டவள் அவள். ஆகவே பார்ப்பது மட்டம், ஆடுவது உயர்வு என்று பேசுகிறவர்கள், ஆட வாய்ப்புப் பெற்றவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அரங்கின் இருட்டில் கணவன் கையும் சும்மா கிடக்கிறது, மனைவியின் கையும் சும்மா கிடக்கிறது. கணவனுக்கு அது இழப்பாக இருக்கலாம். மனைவிக்கோ ஒன்றரை மணி நேரம் கை சும்மா கிடப்பது என்பது வாழ்வில் அரிதாக வாய்க்கும் ஒரு நிலை.

கணவனுடைய நோக்கத்தையும் நாம் ஆராயாமல் விடலாகாது. தனக்கு இனிய ஒன்றைத் தன் துணைக்குக் காட்ட விரும்புவது அன்பின் இயல்பு. ஆயினும் அதற்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. படம் ஓடும்போதே அவன், "விளையாட்டிலே இப்படி இல்ல, இந்த எடத்துல ஒரு ரகசியக் குழாய் இருக்கும்" என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருப்பான். படம் ஆங்கிலம் பேசுகிறது. அவளுக்குப் புரியாத இடங்களை அவன்தான் சொல்ல வேண்டும். அவன் ஆசிரியனாகிவிடுகிறான், அவள் மாணவியாகிவிடுகிறாள். அவள் சிரித்தால் தன் விளையாட்டுக்காகச் சிரித்தாள் என்று மகிழ்கிறான். அவள் சிரித்தது எதற்காக? படத்துக்காகவா, அவன் முகம் வாடக் கூடாதே என்பதற்காகவா? வெகுகாலமாகக் கணவன் விருப்பத்தைத் தன் விருப்பமாக்கிக்கொள்ளும்படி பழக்கப்பட்ட ஒருத்தியிடம் இதைப் பிரித்தறிவது எளிதன்று. அவளே அறிவாளா என்பதும் சந்தேகம்.

சிலர் இதற்கு ஒரு சுலபமான தீர்ப்புச் சொல்வார்கள்: அவள் மகிழ்ந்தது பொய், அது அடிமைத்தனம் என்று. நாம் அதை ஏற்கவில்லை. ஒருவர் மகிழ்வதைக் கண்டு மற்றவர் மகிழ்வது போலி இன்பமாயின், தாய் பிள்ளையின் விளையாட்டைப் பார்த்து மகிழ்வதும் போலியே. இங்கே பார்க்க வேண்டியது வேறொன்று. "எனக்கு வேண்டாம், நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்ல அவளால் இயலுமா? அப்படிச் சொன்னால் அவன் முகம் சுளிக்காமல் இருப்பானா? மறுக்க முடிந்த இடத்தில் சம்மதம் பரிசாகிறது. மறுக்க முடியாத இடத்தில் படம் பார்ப்பதும் இன்னொரு வேலையாகிறது, ஹொய்சிங்கா சொன்ன கட்டளை ஆட்டம் அது. அடுத்த முறை அவள் விரும்பிய படத்துக்கு அவன் போனானா என்பதும் ஓர் அளவுகோல். அவளுக்கு விருப்பமானது நாகம்மன் படமாக இருக்கும், அல்லது குடும்பக் கண்ணீர்ப் படமாக இருக்கும். அவனுக்கு அது அலுப்பூட்டும். அந்த அலுப்பை முணுமுணுக்காமல் பொறுக்கிறவன்தான் தன் மாரியோவைக் காட்ட அருகதை உடையவன்.

படத்தின் தரத்தையும் சொல்லிவிடுவோம். அது ஒரு பெரிய நிறுவனத்தின் விளம்பரம் என்று சொன்னால் மிகையாகாது. உலகெங்கும் 130 கோடி டொலருக்கு மேல் ஈட்டிற்று. வர்ணங்கள் கண்ணைப் பறிக்கின்றன. மனத்தில் தங்குவது கொஞ்சம். 1993இல் நடிகர்களை வைத்து எடுத்த முந்தைய மாரியோ படம் தோல்வியுற்றது. இந்த முறை நிறுவனம் உஷாராக இருந்து, விளையாட்டை அறிந்தவன் எதை எதிர்பார்ப்பானோ அதையெல்லாம் வரிசையாக வைத்துக் கொடுத்திருக்கிறது. எனினும் ஒரு மாறுதலைக் குறிக்க வேண்டும். 1985 விளையாட்டில் இளவரசி சிறைப்பட்டுக் கிடப்பாள். மாரியோ போய் மீட்க வேண்டும். 2023 படத்தில் அவள் தன் நாட்டை ஆளுகிறாள், மாரியோவுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். சிறைப்படுவது அவன் தம்பி லூயிஜி. முப்பத்தெட்டு வருஷத்தில் இளவரசி சிறையிலிருந்து வெளியே வந்திருக்கிறாள். இது அறம் கனிந்ததால் நேர்ந்ததா, பெண்களும் டிக்கெட்டு வாங்குகிறார்கள் என்ற கணக்கினால் நேர்ந்ததா? இரண்டும் கலந்திருக்கலாம். கணக்கினால் வந்த நியாயமும் நியாயம்தான். ஆனால் கணக்கு மாறினால் அதுவும் மாறும்.

அரங்கைவிட்டு வெளியே வரும்போது மனைவி இப்படிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "அந்தப் பொண்ணு நல்லாத்தான் சண்ட போட்டுச்சு. ஆனா கடைசியில கைத்தட்டு அந்த ரெண்டு அண்ணந்தம்பிக்குத்தாங்க." அவள் சொல்வது சரி. முடிவில் வில்லனை வீழ்த்துவதும், ஊர் கொண்டாடுவதும் மாரியோவையும் லூயிஜியையுந்தான். விளையாட்டை முப்பது வருஷம் ஆடியவனுக்குத் தோன்றாதது, முதல் தடவை பார்த்தவளுக்குத் தோன்றியிருக்கிறது. மலையிலும் அவள் இதைப் பார்த்துப் பழகியவளன்றோ? கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். நிறுவை எழுதுகிறவரும், மேற்பார்க்கும் கங்காணியும், சங்கத்தின் தோட்டத் தலைவரும் பெரும்பாலும் ஆண்கள். திரையில் கண்டதை அவள் தன் மலையோடு பொருத்தினாள். நம் நண்பர் அஞ்சிய மயக்கம் அவளைப் பிடிக்கவில்லை. மட்டமான படத்தைப் பார்க்கும் உரிமை உடையவளே அதை மட்டம் என்று சொல்லும் உரிமையும் உடையவள். படத்தை மதிப்பிடுவது ஒன்று, படத்துக்குப் போகும் உரிமை மற்றொன்று. இவ்விரண்டையும் நம் இலக்கிய வட்டங்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கின்றன. "பயனுள்ள பொழுதுபோக்கு" என்ற சொற்றொடர் ஆசிரியர்களின் வாயில் எளிதாக வருகிறது. விடுமுறையில் தாம் பார்க்கும் படங்களுக்கு அவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

நமது சொந்த மரபு இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. மார்க்சின் மருமகன் போல் லஃபார்க் 1880இல் சோம்பியிருக்கும் உரிமையைக் கோரி ஒரு கட்டுரையே எழுதினார். உழைப்பின் மகத்துவத்தைத் தொழிலாளியே பாடித் திரிவதைப் பார்த்து எள்ளினார். 1894இல் வெளிவந்த மூலதனத்தின் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ், நிர்ப்பந்த உழைப்பு முடிகிற இடத்திலேயே சுதந்திரத்தின் எல்லை தொடங்குகிறதென்றும், வேலைநாளைக் குறைப்பதே அதற்கு முதல் நிபந்தனை என்றும் விளக்குகிறார். மே தினம் எதற்காகத் தோன்றியது? எட்டு மணி உழைப்புக்காக என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். எட்டு மணி உறக்கம் போக மிஞ்சும் எட்டு மணி தொழிலாளியின் சொந்த விருப்பத்துக்கு என்ற பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறோம். அந்த மூன்றாவது எட்டு மணியை நம் பெண்கள் தண்ணீர்க் குடத்திலும் விறகிலும் அடுப்பிலும் தொலைத்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை 1948 டிசம்பரில் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு ஓய்வையும் பொழுதையும் ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கிற்று. அதே 1948இல்தான் இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களை நாடற்றவராக்கிற்று. நாடே இல்லாதவனிடம் உன் ஓய்வுநேர உரிமை என்னாயிற்று என்று கேட்க அன்று யாருக்கும் வாயில்லை. எஞ்சியவர்களுக்கும் பிரசாவுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

செலவுக் கணக்கையும் ஒளிக்காமல் பார்ப்போம். 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று கைவிரித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பின் நுகர்வோர் விலைகள் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தன. 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபா நாட்கூலி 2023இலும் அப்படியே நின்றது. 2024 செப்டம்பரில்தான் அடிப்படைக் கூலி 1350 ரூபாவாயிற்று. வட்டகொடையில் திரையரங்கு இல்லை. புதிதாக வந்த பிறநாட்டுப் படத்துக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். வண்டிச் செலவு, டிக்கெட்டு, வெளியே ஒரு வேளைச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கும் வாய்ப்பிருந்தால் அதுவும் போயிற்று. பிள்ளைக்குப் பால்மா வாங்க வேண்டிய காசில் பொம்மைப் படமா என்று கேட்டால், நாம் என்ன விடை சொல்வது? பால்மாவே முதலில், அதில் தர்க்கமில்லை. ஆனால் இந்தக் கேள்வியை நாம் தம்பதியிடம் கேட்கிறோம். இருவர் நாள் முழுதும் உழைத்த கூலியில் பால்மாவும் ஒரு படமும் சேர்ந்து அடங்காதது ஏன் என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் வேறு. வறியவன் ஒரு நாள் மகிழ்ந்ததைச் சுட்டிக்காட்டி, அவன் வறுமைக்கு அதுவே காரணம் என்று சாதிக்கும் பழைய தந்திரத்துக்கு முற்போக்காளரும் அறியாமல் துணை போகிறார்கள்.

அதே 2023இல் மலையக மக்கள் இங்கு வந்த இருநூறாண்டை நினைவுகூர்ந்தார்கள். யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி ஆகஸ்டு 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. அதன் பெயரில் மாண்பு என்னும் சொல் இருந்தது. மாண்பு என்றால் காணி, வீடு, நியாயமான கூலி, நல்ல பள்ளி. இவை கிடைக்கும்வரை போராட்டம் நிற்காது, நிற்கவும் கூடாது. ஒரு மனைவி தன் கணவனோடு நல்ல சேலை உடுத்திக்கொண்டு காலை வண்டிக்கு வட்டகொடை நிலையத்தில் நிற்பதும், அவளைப் பார்த்து யாரும் காரணம் கேளாதிருப்பதும் அந்த மாண்பின் கணக்கில் சேருமா? சேரும் என்பது நம் முடிபு.

ஆனால் முன்பு எழுப்பிய ஒரு கேள்வி இன்னும் விடையின்றி நிற்கிறது. பிள்ளையை யார் பார்ப்பது? தோட்டத்துப் பிள்ளை மடுவம் வேலைநாளுக்கென்று ஏற்பட்டது. தாய் கொழுந்தெடுக்கப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும். தாய் படம் பார்க்கப் போனால் பார்த்துக்கொள்ள எந்த ஏற்பாடும் இல்லை. ஆகவே மாமியார்தான். தப்பு ஒலிக்கு எழுந்து எழுந்து, நாற்பது வருஷம் பேர் விழுந்த அம்மா. ஓய்வு பெற்றார் என்று தோட்டத்துப் புத்தகத்தில் எழுதியிருக்கும். விடியுமுன் எழுந்து தேத்தண்ணி வைத்துக் கொடுத்து, மகனையும் மருமகளையும் அனுப்பிவிட்டு, பேரப்பிள்ளைக்குச் சோறூட்டி, மாலையில் பனி இறங்குமுன் துணிகளை எடுத்து வைத்து, அவர்கள் இரவு வண்டியில் வருவார்களென்று விளக்கை அணைக்காமல் அமர்ந்திருப்பவர் அவர். தம்பதி அடைந்த ஒரு நாள் விடுதலை அவருடைய ஒரு நாளிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்கு யாரும் பேர் போடுவதில்லை. அவர் கடைசியாகத் திரையரங்கில் படம் பார்த்தது எந்த வருஷம், எந்த ஊரில், யாரோடு என்று மகனும் மருமகளும் திரும்பி வந்து சோறுண்ணும்போது கேட்கலாம். அவருக்கு அது நன்றாக நினைவிருக்கும்.